ஒத்திகை நாளில் மேற்கே போன ஆட்டோ

காலை எட்டு மணி பதினான்கு நிமிடத்துக்கு எல்லாம் தவறத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், அதை நானே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். “சைரன் 8.14.” என் கையெழுத்துதான். அதை எழுதும்போது பக்கத்தில் டீ இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு எழுதினேன்.

கடற்கரையோரம் இருக்கும் அணு ஆராய்ச்சி வளாகத்தில் கதிர்வீச்சை அளக்கும் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு ஒருமுறை சுற்றுப்பக்க ஊர்களையும் சேர்த்துப் பெரிய ஒத்திகை நடக்கும். விபத்து நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு சைரன் ஊதுவார்கள். ஊர்க்காரர்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடங்களில் ஜன்னலைச் சாத்திவைப்பார்கள். சில ஊர்களில் கதிர்வீச்சுக்குக் காப்பான அயோடின் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அன்று அந்த ஒத்திகை.

என் பொறுப்பு, கூடுமிடத்தில் வரிசையாக வரும் ஊழியர்களின் உள்ளங்கையிலும் செருப்படியிலும் மீட்டரைக் காட்டி, ‘இயல்பு’ என்று எழுதுவது. பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு எழுபதாவது ஆளோ என்னவோ, அவருடைய இடதுகையைப் பிடித்திருந்தேன். பிரிவின் தொலைபேசியில் எனக்கு அழைப்பு என்று வந்து சொன்னார்கள். மகளின் வகுப்பாசிரியை.

“மேடம், பாப்பா இன்னிக்கு லீவா? உங்க செல்லுக்கு ரெண்டு தடவை போட்டேன், எடுக்கல. டைரியில இந்த நம்பர் இருந்துச்சு.”

“லீவு இல்லையே மிஸ். ஏழு நாப்பதுக்கே ஆட்டோவுல ஏறிட்டாளே.”

ஆசிரியை “இங்க வரல மேடம்” என்றார்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. எட்டு வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. ஒரு நாளைக்கு நான்கு ஊசி. காலை ஊசி போட்டு ஏழே காலுக்குச் சாப்பிட்டால் பத்தரைக்கு எதையாவது கொறிக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு அளந்து பார்த்து, ஊசி போட்டு, சாப்பிட வேண்டும். கொறிக்காமல் விட்டால் சர்க்கரை இறங்கும். முதலில் வியர்க்கும், பிறகு எரிச்சல், பிறகு பேச்சு குழறும். அதற்கும் பிறகு என்ன என்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. ஆகவே என் ஒரு நாள் என்பது ஏழே கால், பத்தரை, பன்னிரண்டரை, நாலு, ஏழரை. பள்ளியில் அவள் இருக்கும் வரை இந்த நேரங்கள் ஆசிரியையின் கையில். ஆட்டோவில் இருக்கும்வரை யார் கையில் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. பள்ளி மாமல்லபுரத்தில். வீட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரப் பயணம், அவ்வளவுதானே.

ஆட்டோக்காரர் ஐந்து வருடமாக வருகிறவர். திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம் இருந்ததாம், இப்போது அதில் மனைக்கல் நட்டிருக்கிறது. ஐம்பது வயதிருக்கும். நேரம் தவறாதவர், குடிக்காதவர். ஆனால் பேசுவார். மகளையும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போகும் வழியெல்லாம் பேசுவார். என் ஸ்கூட்டர் பழுதான மாதங்களில் நானும் அதே ஆட்டோவில் வளாகத்து வாசல் வரை போயிருக்கிறேன். அதனால் அவருடைய கருத்துகள் அனைத்தும் எனக்குத் தெரியும்.

அரசியலில் அவருக்கு ஒரே ஒரு கோரிக்கை. “வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். ப்ரேக்கு புடிக்குதா, லைட்டு எரியுதான்னு பாக்கறான். எம்.எல்.ஏ.வுக்கு அஞ்சு வருஷம் எஃப்.சி. கெடையாது. இன்னா மேடம் நாயம்?” எல்லாக் கட்சிக்கும் ஒவ்வொரு தடவை ஓட்டுப் போட்டுப் பார்த்துவிட்டதாகச் சொல்வார். இப்போது அவருக்கு ஒரு விதி உண்டு. அவர் தெருவில் எந்தக் கட்சியின் ஒலிபெருக்கி அதிகம் கத்துகிறதோ அதற்குப் போடமாட்டார்.

சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு எழுந்து வந்துவிடுவார். “இன்டர்வெல் வரைக்கும்தான் கத. அதுக்கப்புறம் அவனுங்க சம்பளத்துக்கு சண்ட போடுவானுங்க.” இதுவரை ஒரு படத்தின் முடிவும் அவருக்குத் தெரியாது. தெரியவேண்டியதில்லை என்பார். என் மகள் முடிவைச் சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொள்வாராம், ஓட்டும்போதே ஒரு கையால்.

விஞ்ஞானத்தில்தான் அவர் விரிவானவர். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்குகிறார்களே, அதைப் பற்றி: “தண்ணி மெட்ராசுக்குப் போவுது, சரி. உப்பு எங்க போவுது? திரும்ப கடலுக்கே வுடறான். இன்னும் பத்து வருஷத்துல வலையில வரும்போதே கருவாடா வரும், பாத்துகினே இரு.” சர்க்கரை நோய் பற்றி: “எங்க தாத்தனுக்கு ஏது சுகரு? எல்லாம் மருந்து கம்பெனிக்காரன் கட்டிவுட்ட கத மேடம்.” இதை என் மகளை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் சிரித்தாள். அன்று மாலை என் கணவர் ஆட்டோவை மாற்றிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். பேச்சுதானே என்றேன்.

என்னிடம் அவர் கேள்விகளும் கேட்பார். எனக்கு அது பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வளாகத்தில் என்னிடம் யாரும் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்பதில்லை. எரிந்து முடித்த எரிபொருளை என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் கேட்டார். தண்ணீருக்குள் வைத்திருப்போம், ஆழமான தண்ணீர் கதிர்வீச்சைத் தடுத்துவிடும் என்றேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுதான் முக்கியம் என்று இன்னொரு நாள் சொன்னேன். “ஓ” என்பார். அவ்வளவுதான். மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்பு ஒலிபெருக்கி கட்டிய வேன் ஊரூராக வந்தது. ‘இது ஒத்திகை மட்டுமே, பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம்.’ என் ஸ்கூட்டர் அன்றைக்கும் பட்டறையில் கிடந்தது. ஆட்டோவில் போகும்போது அந்த வேன் எதிரே வந்தது.

“பதற வேணாம்னு மைக்குல சொன்னா, பதறணும்னு அர்த்தம்” என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “நெசமா கேக்கறேன் மேடம். உள்ள ஏதாவது ஆயிப்போச்சுன்னா எங்களுக்கு சொல்வாங்களா?”

எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு கோப்பு இருந்தது. “சொல்வாங்க சொல்வாங்க. முதல்ல ஒத்திகைன்னுதான் சொல்வாங்க” என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். மகளும் சிரித்தாள். அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

பத்து ஐந்துக்கு அந்தத் தொலைபேசியை வைத்த கணத்தில் எனக்கு இது நினைவுக்கு வரவில்லை. விபத்துதான் நினைவுக்கு வந்தது. சாலையில் கவிழ்ந்த ஆட்டோ. பிறகு, எழுதக் கூசும் வேறு சில. மேலதிகாரியிடம் போய் வெளியே போக வேண்டும் என்றேன்.

“தலை எண்ணி முடிக்காம கேட்டைத் திறக்க மாட்டாங்கம்மா. ஒத்திகைன்னாலும் விதி விதிதான். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். அந்த விதியைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுத்துச் சொல்கிறேன். அவர் பள்ளிக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். கோபப்பட முடியாதபடி நல்லவராக இருந்தார். நான் திரும்பிப் போய் மீதி ஆட்களின் கைகளை அளந்தேன். இயல்பு. இயல்பு. இயல்பு. பத்தரையைக் கடந்தபோது எண்களைத் தவறாகப் படித்தேன். பக்கத்திலிருந்தவர் மீட்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பத்து ஐம்பதுக்கு ‘நிலைமை சீரானது’ என்ற சைரன். வளாகத்துக்குள் செல்போன் கூடாது. வாசலில் எண் போட்ட பெட்டிகளில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். என் பெட்டியைத் திறந்தபோது ஐந்து தவறிய அழைப்புகள். இரண்டு பள்ளி. மூன்று, தெரியாத எண்: 8.52, 8.53, 9.10.

தெரியாத எண்ணுக்குப் போட்டேன்.

“யாரு?” என்றது ஓர் ஆண் குரல். பின்னால் பஸ் ஹாரன்.

“இந்த நம்பர்லேர்ந்து எனக்கு மூணு தடவை வந்திருக்கு. என் பொண்ணு…”

“ஆங், யூனிபார்ம் போட்ட பாப்பாவா? திருக்கழுக்குன்றம், பேக்கரிம்மா. அந்தப் பாப்பாதான் போன் கேட்டுச்சு. அம்மா எடுக்கல, அப்பாவும் கட் பண்ணிட்டாருன்னு சொல்லுச்சு.”

“அவ எப்படி இருந்தா? நல்லா இருந்தாளா? வேர்த்திருந்துச்சா?”

“நல்லாத்தான் கீதும்மா. கூட ஆட்டோக்காரு ஒருத்தர். பன்னு வாங்கினாரு, பிஸ்கோத்து வாங்கினாரு, தண்ணி பாட்டிலு. மதுராந்தகம் பக்கம் போறோம், ஏரிகிட்டன்னாரு. என்னையும் கடைய மூடிட்டு கெளம்புன்னாரு. எதுக்கு அண்ணாத்தன்னு கேட்டேன். கடற்கர பக்கம் வெடிச்சிகினு கீது, நீ பன்னு வித்துகினு கீறியான்னு திட்டிட்டுப் போறாரு.” அவர் சிரித்தார். “ஒத்திகையாமே? எங்க ஊருலயும் மாத்திர குடுத்தாங்க.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக வந்தது. வேன், கண்ணாடி, என் சிரிப்பு. ஏன் ஏரி என்றும் புரிந்தது. தண்ணீர் தடுக்கும் என்று நான்தானே சொன்னேன். இந்தப் பக்கத்தில் மதுராந்தகத்தைவிட அதிகத் தண்ணீர் எங்கே இருக்கிறது?

கணவருக்குப் போட்டேன். அவர் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறார். தெரியாத எண்ணை எடுத்தால் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள் என்பது அவருடைய உறுதியான கருத்து. வீட்டில் எல்லோருக்கும் அதைச் சொல்லி வைத்திருக்கிறார்.

“காலையில ஒம்பது மணி வாக்குல தெரியாத நம்பர்லேர்ந்து ஒரு கால் வந்துதா?” என்று கேட்டேன்.

அவர் பார்த்தார். “வந்துச்சு. கட் பண்ணிட்டேன்.” பிறகு தாழ்ந்த குரலில், “ப்ளாக்கும் பண்ணிட்டேன்.”

பிறகு சத்தமாக, “அந்த ஆளை மாத்துன்னு எத்தனை தடவை சொன்னேன்? சுகரே பொய்யின்னு சொல்றவன்கிட்ட புள்ளையை அனுப்புவியா? போலீசுக்குப் போ. நான் காரை எடுத்துக்கிட்டு மதுராந்தகம் போறேன்.”

போலீஸ்காரர்கள் அன்று காலையிலிருந்து ஒத்திகையில் இருந்தார்கள். நான் ஸ்கூட்டரில் ஆட்டோக்காரரின் வீட்டுக்குப் போனேன். அவர் எண் அணைந்திருந்தது. மதுராந்தகம் ஏரிக்கரை மிக நீளம், அதில் நான் எங்கே தேடுவது? திரும்பி வருகிறவர் முதலில் தன் வீட்டுக்குத்தானே வருவார் என்று எண்ணினேன். சரியான எண்ணமா என்று தெரியாது. ஏதோ ஒரு பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது.

வழியெல்லாம் சாதாரணமாக இருந்தது. வயலில் ஆட்கள் குனிந்திருந்தார்கள். மனை விற்பனைக் கொடிகள் ஆடின. கொடிகள் கிழக்கே, கடலைப் பார்த்து ஆடுவதைக் கவனித்தேன். அன்று காலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. விபத்து உண்மையாக இருந்திருந்தால் மேற்கே போவதுதான் சரி. அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு அவர் வீடு. வாசலில் ‘இட்லி மாவு கிடைக்கும்’ என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கையில் மாவோடு வந்தார். நான் யாரென்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கிரைண்டரை அணைத்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்.

“ஏரிக்கா போயிருக்குது?” என்றார். தலையில் அடித்துக்கொள்ளப் போய், கையில் மாவு இருந்ததால் நிறுத்தினார். “என்ன ஒரு வார்த்த கேட்டுச்சா? பெண்டாட்டி இங்க மாவு ஆட்டிகினு கீறா, அவள விட்டுட்டு ஊரான் புள்ளய இஸ்துகினு ஓடியிருக்குது பாரு!”

“போன் ஏன் அணைஞ்சிருக்கு?”

“விடிகாலம் நாலு மணிலேர்ந்து அதுல எவனாவது மைக்க புடிச்சி கத்திகினே இருப்பான். அவன் இத சொன்னான், இவன் அத சொன்னான்னு. அதுல சார்ஜு எங்கேர்ந்து நிக்கும்? உள்ள வந்து குந்துங்க. நாஸ்தா துன்னீங்களா?”

நான் உட்காரவில்லை. பன்னிரண்டரைக்கு ஊசி என்றேன். பையில் ஊசி இருக்கிறது, அவளே போட்டுக்கொள்வாள், ஆனால் அதற்கு முன்னால் இறங்கிவிட்டால் யாராவது கவனிக்க வேண்டும், அவருக்கு அதில் நம்பிக்கையே கிடையாது, கம்பெனிக்காரன் கதை என்கிறவர், அவள் மயங்கினால் தூங்குகிறாள் என்று விட்டுவிடுவார் என்றேன். நான் இப்படி ஒரு மூச்சில் பேசுகிறவள் இல்லை.

அந்தம்மா என்னையே பார்த்தார்.

“அதுவா வுட்டுடும்? வண்டியில க்ளூக்கோஸ் டப்பா இல்லாம வண்டிய எடுக்காதும்மா அது. தீர்றதுக்குள்ள புது டப்பா வாங்கினு வரும். போன கோடையில ஒரு நாள் தலய சுத்துதேன்னு நான் கொஞ்சம் எடுத்து மோருல கலந்து குடிச்சிட்டேன். மூணு நாள் என்கிட்ட பேசல. அந்தப் புள்ளைக்கு வெச்சத நீ எப்படி தொடலாம்னு.”

“க்ளூக்கோஸா? அவர் வெச்சிருக்காரா?”

“உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. ஐந்து வருடமாக அந்த ஆட்டோவில் என் மகள் போகிறாள். நானும் எத்தனையோ நாள் போயிருக்கிறேன். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருக்கும் பெட்டியை நான் திறந்து பார்த்ததில்லை. என்ன சொன்னார் என்று கேட்டால் வரி வரியாகச் சொல்வேன். என்ன வைத்திருந்தார் என்று கேட்டால் தெரியாது.

அந்தம்மா வேலைக்குத் திரும்பவில்லை. வாசற்படியில் என் பக்கத்தில் நின்றுகொண்டார். மாவு வாங்க ஒரு பெண் கிண்ணத்தோடு வந்தாள். “அப்பால வா, ஆட்டோ காணோம்” என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பெண்ணும் போகாமல் நின்றாள்.

“எந்தப் பக்கம் ஓடுச்சாம்?” என்றாள் அவள்.

“ஏரிக்கு.”

“எங்க வூட்டுக்காரு பனமரத்துல ஏறிக்கினா போதும்னாரு. நான் ஏறுன்னேன். ஏறல.”

சிரிக்கக்கூடிய பேச்சுதான். நான் பன்னிரண்டு நாற்பது, பன்னிரண்டு ஐம்பது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் இரண்டு முறை அழைத்தார். செங்கல்பட்டைத் தாண்டிவிட்டார், மதுராந்தகத்துக்கு இன்னும் கொஞ்சம்தான். கரையில் எந்த இடம் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? மாலை அந்த ஆட்டோக்காரரிடம் என்னென்ன சொல்லப்போகிறோம் என்று அவர் அடுக்கினார். நான் ஆமாம் ஆமாம் என்றேன். சொல்லப்போவதை நானும் மனத்துக்குள் தயார்செய்துகொண்டுதான் இருந்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம். அதுதான் முதல் வரி.

அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதை மகள் பிறகு சொன்னாள். சைரன் கேட்டபோது ஆட்டோ மாமல்லபுரம் நுழையும் இடத்தில் இருந்தது. மற்ற இரண்டு பிள்ளைகளையும் அன்று வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஒத்திகைக்கெல்லாம் லீவு போடுவார்களா என்று அனுப்பியவள் நான் ஒருத்திதான். அவர் வண்டியை ஓரம் கட்டினார். சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியைப் பிடுங்கி வெளியே நீட்டிப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். கடல் பக்கம் போனது. “அப்ப மேற்கால” என்று திருப்பிவிட்டார். “அண்ணா, இது ஒத்திகை, அம்மா சொன்னாங்க” என்று இவள் கத்தினாள். “உங்கம்மா எனக்கும் சொன்னாங்க. கம்முனு குந்து” என்றாராம்.

திருக்கழுக்குன்றத்தில் எங்களை அழைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அழைக்கவில்லை. அம்மாவின் போன் சாயங்காலம் வரை பெட்டியில் இருக்கும், அப்பா தெரியாத எண்ணை எடுக்கமாட்டார். எங்கள் வீட்டுச் சட்டங்கள் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, பத்தரைக்குப் பன் தின்னவைத்தார். பிறகு கடற்கரைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் கைகாட்டி நிறுத்தி, அங்கே எப்படி இருக்கிறது என்று நடத்துநரைக் கேட்டார். முதல் ஆள் “எப்பவும் போலத்தான் கீது, ஏறுறியா இல்லியா?” என்றார். அவரை இவர் நம்பவில்லை. இரண்டாமவரையும் நம்பவில்லை. “அவன் கவர்மென்ட்டு ஆளு, அப்படித்தான் சொல்வான்” என்றாராம். மூன்றாவது பஸ்ஸிலிருந்து மீன்கூடையோடு இறங்கிய ஒரு பெண்மணி, காலையில் படகு இறங்கியது, மீன் வந்தது, நான் வாங்கினேன், நீ வாங்குகிறாயா என்று கேட்டபோதுதான் அரை மனதாகத் திரும்பச் சம்மதித்தார். மகள் பன்னிரண்டரைக்கு அளக்க வேண்டும் என்று சொன்னதால் கிளம்புவதை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் பிறகு. அப்போது எனக்குத் தெரிந்தது வாசற்படியும் கைக்கடிகாரமும் மட்டும்தான்.

ஒன்று ஐம்பதுக்கு, மாவு வாங்க வந்த பெண்ணுக்குத்தான் முதலில் கேட்டது. “வண்டி சத்தம்” என்றாள். பனைமரங்களுக்குப் பின்னாலிருந்து ஆட்டோ வந்தது, வழக்கமான வேகத்தில். பின்னிருக்கையில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது பயம். “அம்மா, நான் ஒண்ணும் பண்ணலம்மா, நான் சொன்னேன், அண்ணாதான்” என்றாள். அவள் கையைப் பிடித்தேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். ஈரமில்லை. அன்று காலை முழுக்க அதையேதான் செய்துகொண்டிருந்தேன், முன்பின் தெரியாதவர்களின் கைகளைத் திருப்பிப் பார்த்து ‘இயல்பு’ என்று எழுதிக்கொண்டு.

ஆட்டோக்காரர் இறங்கினார். சட்டை முழுக்கப் புழுதி. மனைவியின் பக்கம் அவர் பார்க்கவில்லை. அந்தம்மா, “வாய்யா, ஏரி சுத்திப் பாத்தியா? எனக்கு இன்னா வாங்கினு வந்த?” என்றார். ஆட்டோக்காரர் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தின் காகிதம் ஒன்றை எடுத்தார். அதன் வெள்ளைப் பக்கத்தில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. தூரமாக நீட்டிப் பிடித்துப் படித்தார்.

“பன்னண்டு முப்பத்தஞ்சு. நூத்தி நாப்பத்திரெண்டு. ஊசி போட்டாச்சு. நாலு இட்லி, சட்னி தொட்டுக்கல, சாம்பாரு மட்டும்.” காகிதத்தை என்னிடம் கொடுத்தார். “நீங்க கேப்பீங்கன்னு பாப்பா சொல்லிச்சு.”

நான் தயார்செய்து வைத்திருந்த முதல் வரி வாயில் இருந்தது. காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரத்துக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

“மேடம்” என்றார். நேராகப் பார்த்தார். வண்டிக் கண்ணாடி வழியாக இல்லாமல் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. “உண்மைய சொல்லுங்க. ஒத்திகைதானா?”

“ஒத்திகைதான்” என்றேன். “ஒண்ணுமே ஆகல. நான் அங்கேருந்துதான் வர்றேன்.”

என் முகத்தில் எதையோ தேடிப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

“இத்த அன்னிக்கே சிரிக்காம சொல்லியிருக்கலாம் மேடம்.”